முட்டை மிதக்கும் தண்ணீர்

ஊறுகாயில் ஈரக் கை பட்டால் கெட்டுவிடும் என்பது எங்கள் வீட்டில் சட்டம். சட்டம் போட்டவள் பெரியம்மா. காவல் காத்தவளும் அவள்தான். நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கும் ஜாடியின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கும் வாத்தியார்கூட அவ்வளவு கறாராக இருந்ததில்லை. அதனால் ஒரு ஊறுகாயை நாசமாக்குவது எப்படி என்பது எட்டு வயதிலேயே எனக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த அறிவுக்கு ஒருநாள் வேலை வரும் என்று மட்டும் நினைக்கவில்லை.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். மூன்று வருஷம் கழித்து இரண்டு மாத லீவில் வந்தாள். நடுவில் என்னைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதெல்லாம் பக்கத்து வாசலில் இருந்த பெரியம்மா, அதாவது பெரியப்பாவின் மனைவி. அப்பா குத்தகை நிலத்தில் கிடந்தார். அம்மா அனுப்பிய பணத்தில், எங்கள் பழைய கூரை வீட்டை ஒட்டிக் கட்டிய புது வீட்டின் சுவர் ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டம் வரை எழும்பி, அதோடு நின்றிருந்தது. மேலே வானம். அந்த வானத்தை மூடுவதற்குத்தான் அம்மா போயிருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்த வீடு அப்படியே பிடித்திருந்தது. மழை வந்தால் நனையலாம்.

அம்மா வந்த அன்று பெட்டியைத் திறந்ததும் தெருவே எங்கள் வாசலில் நின்றது. கம்பளி, சோப்பு, பேரீச்சம்பழம், எனக்கு ஒரு ஜோடி ஷூ. ஷூவை மாட்டப் பார்த்தால் குதிகால் உள்ளே போகவில்லை. ஒன்றாம் வகுப்பில் எனக்கிருந்த காலுக்கு அது கச்சிதமாக இருந்திருக்கும். அம்மா என் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்பளிக்குள்ளிருந்து குழந்தையை எடுப்பதுபோல ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை எடுத்தாள்.

"ஏண்டி, ஃபாரின் போனவளுக நகை கொண்டாருவாளுக. நீ பாட்டில் கொண்டாந்திருக்க?" என்றாள் பெரியம்மா. தெரு சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

முதல் வாரம் நான் அம்மாவை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அவள் திரும்பிப் பார்க்கும்வரை பக்கத்தில் போய் நிற்பேன். படுப்பதற்குப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அம்மா கட்டாயப்படுத்தவில்லை. இரண்டாவது வாரம் அவளோடு கடைக்குப் போனேன். மூன்றாவது வாரம் அவள் அடிபம்புக்குப் போனாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். "ஆட்டுக்குட்டி கயித்த மாத்திக் கட்டிக்கிச்சு" என்று பெரியம்மா சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

அதற்கப்புறம்தான் பயம் வந்தது. இரண்டு மாதம் என்பது எவ்வளவு நாள் என்று கணக்குப் போட எனக்கு வாய்ப்பாடு தெரியும். அதில் பாதிக்குமேல் அம்மாவை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலும், கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டும் செலவழித்திருந்தேன்.

ஒருநாள் அப்பா நீடாமங்கலம் கடைத்தெருவிலிருந்து விரல் நீள வெள்ளரிப்பிஞ்சு ஒரு பை நிறையவும் ஒரு முட்டைக்கோஸும் வாங்கி வந்தார். அம்மா கேட்டிருந்தாள். வெள்ளரிப்பிஞ்சின் காம்பைக் கிள்ளி, முட்டைக்கோஸை உள்ளங்கையளவு துண்டுகளாக வெட்டினாள். பூண்டு, பச்சை மிளகாய், இரண்டு துண்டு பீட்ரூட். எல்லாவற்றையும் ஜாடியில் நெருக்கி அடுக்கினாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு குண்டானில் எடுத்து அதில் கல்லுப்பைக் கரைத்தாள். பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஊறுகாய் போடுறியா, வெள்ளரிக்காயக் குளிப்பாட்டுறியா?"

"காய்ச்சுன தண்ணிதானேக்கா. அங்க இப்புடித்தான் போடுவாங்க. ஒண்ணும் ஆகாது, பாருங்க."

"மாவடுலகூட உப்புதான்டி தண்ணி விடும். நாம ஊத்த மாட்டோம். மூணு வருசத்துல எல்லாம் மறந்துபோச்சா?"

அம்மா அடுக்களையிலிருந்து ஒரு பச்சை முட்டையைக் கொண்டுவந்து உப்புத் தண்ணீரில் விட்டாள். முட்டை அடியில் போய்ப் படுத்தது. இன்னும் ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்கினாள். முட்டை தூக்கத்திலிருந்து எழுந்திருப்பதுபோல மெதுவாக எழும்பி, ஒரு ரூபாய் அகலத்துக்கு மண்டையை வெளியே காட்டிக்கொண்டு மிதந்தது.

"கருமம். முட்டையையுமா? கவுச்சியடிக்கப் போவுது" என்றாள் பெரியம்மா.

சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த அப்பாவுக்கு மட்டும் அது புதிதாகத் தெரியவில்லை. போன வாரம்தான் அவர் குறுவைக்கு விதை நெல்லை இதேபோல முட்டை மிதக்கும் உப்புத் தண்ணீரில் கொட்டி, மேலே வந்த பதரை அள்ளிப் போட்டிருந்தார். "இது நம்ம வெத நெல்லுக்குப் பண்றதுதானே அண்ணி? நல்லது அடியில நிக்கும், பதரு மேல வந்துடும்" என்றார்.

"அப்ப ஊறுகாய வெதைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பெரியம்மா போய்விட்டாள்.

அம்மா உப்புத் தண்ணீரை ஜாடியின் கழுத்துவரை ஊற்றி, முட்டைக்கோஸின் வெளி இலையை மடித்து மேலே திணித்து, மூடியைத் தளர்த்தி வைத்தாள். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு துண்டுத் தாளில் அன்றைய தேதியை எழுதச் சொல்லி, சோற்றுப் பருக்கையால் ஜாடியில் ஒட்டினாள். எழுதிக்கொண்டே கேட்டேன், "நீ எப்ப போவ?"

அம்மா ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இது பதமாவட்டும்டா, பாத்துக்கலாம்."

"எத்தன நாளாவும்?"

"இந்த வெயிலுக்குப் பத்து நாள்."

பெரியவர்கள் பதில் சொல்லப் பிடிக்காதபோது பக்கத்தில் இருக்கிற ஒரு பொருளை எடுத்து நடுவில் வைப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன். அம்மாவின் பெட்டிக்குள் ஒரு நீளத் தாள் இருந்தது. ஒருமுறை பெரியம்மா அதைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க, நான் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக் காட்டிப் பாராட்டும் வாங்கியிருந்தேன். எழுத்துகளைச் சேர்த்துப் படிக்கத் தெரிந்திருந்தால் அது திரும்பிப்போகும் டிக்கெட் என்பதும், ஊறுகாய்க்கு முன்பே நாள் குறித்தாகிவிட்டது என்பதும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஊறுகாய் பதமானால் அம்மா போய்விடுவாள், கெட்டுப்போனால் போகமாட்டாள்.

கெடுப்பதற்கு வழி எனக்கா தெரியாது?

மறுநாள் மத்தியானம் அம்மா துணி துவைக்கப் போன நேரத்தில் அடிபம்பில் முழங்கைவரை கையை நனைத்துக்கொண்டு வந்தேன். சொட்டச் சொட்ட ஜாடிக்குள் கையை விட்டு ஒரு துழாவு துழாவினேன். பெரியம்மாவின் சட்டப்படி அந்த ஊறுகாய் சாயங்காலத்துக்குள் செத்திருக்க வேண்டும். அது சாகவில்லை. ஏற்கெனவே தண்ணீருக்குள் கிடக்கும் காய்க்கு என் ஈரக் கை எந்த மூலைக்கு? மூன்றாம் நாள் ஜாடிக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. முட்டைக்கோஸ் ஓரங்களில் ரோஸ் நிறம் ஏறியது. புளித்த வாசனை கூடத்துக்கு வந்தது. "நாறுதுடி" என்றாள் பெரியம்மா. எனக்கு ஒரே சந்தோஷம். "பதமாவுதுக்கா" என்றாள் அம்மா. சந்தோஷம் போயிற்று.

நான்காம் நாள் இரண்டு டம்ளர் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். ஜாடி கழுத்தைத் தாண்டி வழிந்தது. என் சட்டையாலேயே துடைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் எழுந்து வந்தபோது அம்மா ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஜாடியையும் பார்த்தாள், சுருங்கிக் காய்ந்துபோன என் சட்டையையும் பார்த்தாள். தேதி எழுதிய தாள் நனைந்து மசி கலைந்திருந்தது. ஜாடித் தண்ணீரைக் குண்டானில் வடித்து, முட்டையைக் கொண்டுவந்து விட்டாள். முட்டை மூழ்கியது. உப்புப் போட்டாள். மூழ்கியே கிடந்தது. இன்னொரு கை போட்டுக் கலக்கினாள். முட்டை எழும்பியது. அதை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு, தண்ணீரைத் திரும்ப ஜாடியில் ஊற்றினாள். பிறகு வேறு தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"பழைய தேதியவே எழுது."

எழுதினேன். எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்குப் போவதில் எவ்வளவு அவசரம் என்று நினைத்தேன். நான் கெடுக்கக் கெடுக்க அவள் சரிசெய்கிறாள் என்றால் வேறு எப்படி நினைப்பது? அதற்குமேல் ஜாடியை நான் தொடவில்லை. எங்கள் சண்டையில் அம்மா ஜெயித்துவிட்டாள் என்று விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் அம்மா ஒரு சில்வர் தட்டில் இரண்டு வெள்ளரிப்பிஞ்சும், தாமரை நிறத்தில் ஒரு முட்டைக்கோஸ் துண்டும் எடுத்து வைத்தாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். "ஒரே ஒரு கடி சாமி. புடிக்கலன்னா துப்பிடு" என்று கெஞ்சி, தன் கையாலேயே ஊட்டினாள். கடித்ததும் நறுக்கென்றது. புளிப்பும் உப்பும் காதுவரை ஏறி, ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. துப்பவேண்டும் என்று நினைத்திருந்தேன். விழுங்கிவிட்டேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனும் இப்புடித்தான், ஒரு கண்ண மூடிக்குவான்" என்றாள்.

"யாரு?"

"அந்த வீட்டுப் புள்ள. நான் போறப்ப ரெண்டு வயசு. இது இல்லாம சோறு எறங்காது அவனுக்கு. நான்தான் ஊட்டணும்."

நான் மெல்லுவதை நிறுத்தினேன். "அவன் ஒன்ன என்னன்னு கூப்புடுவான்?"

அம்மா இன்னொரு துண்டை எடுத்து அதிலிருந்த தண்ணீரை உதறிக்கொண்டே இருந்தாள். "பேரு சொல்லித்தான். அதுவும் அவனுக்கு வாயில வராது" என்றாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. வாயைத் திறந்தேன். அன்று அந்தத் தட்டு காலியாகும்வரை ஊட்டினாள். சின்னப் பிள்ளைபோல ஊட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தும் விட்டுக்கொடுத்தேன். ஏதோ மூன்று வருஷத்துப் பாக்கிபோல அவள் ஏன் அவ்வளவு ஊட்டுகிறாள் என்று மட்டும் விளங்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஒரு மத்தியானம் வேன் வந்தது. அம்மா பெட்டியில் இந்தத் தடவை ஜாடி இல்லை. அதை அடுக்களை மாடத்தில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள், "அளவாத் தின்னு. இது காலியாவறதுக்குள்ள வந்துடுறேன்."

வேன் வெண்ணாற்றுப் பாலம் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நேராக அடுக்களைக்குப் போய் ஜாடியை இறக்கினேன். காலியாவதற்குள் வந்துவிடுவாள் என்றால், சீக்கிரம் காலியானால் சீக்கிரம் வருவாள். கணக்கில் நான் வகுப்பிலேயே கெட்டிக்காரன்.

காலையில் பழைய சோற்றுக்கு வெள்ளரிப்பிஞ்சு. பள்ளிக்கூடத்து டிபனில் முட்டைக்கோஸ். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். முதல் நாள் துப்பியவர்கள் மூன்றாம் நாள் வரிசையில் நின்றார்கள். பெரியம்மாகூட, "சும்மா பார்ப்பமே" என்று ஒரு துண்டை வாயில் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் தினமும் சும்மா பார்த்தாள். ஆனாலும் நான் ஜாடியைத் திறக்கும்போது பழக்கதோஷத்தில், "கையக் காட்டு" என்பாள். மிச்சமிருந்த உப்புத் தண்ணீரை எதிர்வீட்டு ஆடு குடித்துவிட்டு மறுநாளும் வந்து எங்கள் வாசலில் நின்றது.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் பெரியம்மாவின் பட்டன் போனுக்குப் பேசுவாள். கார்டு போட்டுப் பேசுவதால் காசு தீர்வதற்கு முன்னால் மூன்று முறை பீப் என்று கேட்கும். அந்த மூன்று பீப்புக்குள் ஒழுங்காகப் படி, பெரியம்மா சொல்வதைக் கேள், வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கும் தனியாகப் போகாதே என்று எல்லாவற்றையும் அடுக்கிவிடுவாள். அவள் போன மூன்றாவது வெள்ளிக்கிழமை போன் வந்ததும் முதல் ஆளாக நான்தான் எடுத்தேன். மூச்சு வாங்க, "ம்மா, ஜாடி காலியாயிடுச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் எங்கோ தள்ளி ஒரு சின்னப் பையன் யாரையோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது.

"அடியில ஒண்ணுகூட இல்லம்மா. நானே பாத்தேன்" என்றேன், அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று.

போன் நின்றுவிட்டது.

"என்னடா சொன்னா? எப்ப வாராளாம்?" என்று பெரியம்மா கேட்டாள்.

"கார்டுல காசு தீந்துடுச்சு பெரியம்மா. ஆனா காலியாயிடுச்சுன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அன்றைக்கு ஒரு பீப்கூடக் கேட்கவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பெரியம்மா போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, என் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள். அது எதற்கென்றும் நான் யோசிக்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. ஜாடியை அடிபம்பில் மூன்று தரம் அலசி, சட்டையால் உள்ளும் புறமும் துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். அம்மா வந்ததும் போடுவதற்குத் தயாராக இருக்கவேண்டும். ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது.