திருவாதிரை கொண்ட களம்

இன்று வாங்கிய புதுப் பையின் தோல் வாசனை, பம்மலில் அம்மா வேலை பார்த்த தோல் கம்பெனியின் காயப்போடும் களத்தைக் கண்முன் கொண்டுவந்துவிட்டது. இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது. அப்போதெல்லாம் சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை அம்மாவின் கைகளில் ஏறி என் யூனிஃபார்ம் வரைக்கும் வரும். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் கவிதா மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

சூரியன் சோடா மூடி அளவென்றால் திருவாதிரை நட்சத்திரம் அதைவிடச் சுமார் எழுநூறு மடங்கு அகலம் என்று சொன்ன டீச்சருக்கு, அதை வரைந்து காட்டப் பள்ளியில் இடம் போதவில்லை.

"எங்கம்மா களத்துல கொள்ளும் மிஸ்" என்று எழுந்தேன்.

தோல் காயப்போடாத ஒரு சனிக்கிழமை, நடுவில் மூடியை வைத்து, கயிறு பிடித்துச் சுண்ணாம்பால் வட்டம் போட்டது அம்மாதான். கோட்டின்மேல் எங்கள் வகுப்பு நாற்பது பேர் கைகோத்தும் வட்டம் மூடவில்லை.

"கை பத்தலையா டீச்சர்? நாங்க கீறோமே" என்று, கூட வேலை பார்க்கும் அக்காக்களோடு அம்மா வந்து இடைவெளியில் நின்றாள்.

அம்மாவின் கையைப் பிடித்தவள் கவிதா. மூக்கைப் பொத்த அவளுக்கு இன்னொரு கை இருந்தது. அதை நான் பிடித்திருந்தேன், விடவே இல்லை.