ரசமட்டம் வைத்த மிளகாய்த் தொட்டி

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை உடன் வேலை செய்பவர்கள் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் உட்கார்ந்து டீ குடித்ததை யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் ஏணியின் நான்காவது படியிலிருந்து விழுந்து, வலது காலில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் வீட்டில் கிடக்க நேர்ந்தது. முதல் வாரத்திலேயே எல்லாக் கதவுக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டாயிற்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்ததில் அது நின்றே போயிற்று.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் திரும்ப மூன்றரை ஆகும். பால்கனியில் பன்னிரண்டு மிளகாய்ச் செடிகள் வைத்திருந்தாள். பதினொன்று கடையில் வாங்கிய சாதாரண வகை. பன்னிரண்டாவது ஒரு பழைய பெயின்ட் வாளியில் நின்றது. அதன் காய் கோலிக்குண்டு போல உருண்டு, வானத்தைப் பார்த்து நிற்கும். சலவைக்கூடத்தில் கூட வேலை பார்த்த ஒருத்தி, ஊரை விட்டுப் போகுமுன் கொடுத்த விதை. ஒன்பது வருஷமாக ஒவ்வொரு வருஷமும் விதையெடுத்துக் காப்பாற்றி வந்தாள். போன மழையில் விதை டப்பாவுக்குள் ஈரம் இறங்கிப் பூஞ்சணம் பூத்துவிட்டது. மிஞ்சியது இந்த ஒரு செடிதான். அதில் பிடித்த மூன்று காய்களில் இரண்டைக் குருவி கொத்திவிட, மூன்றாவதை விதைக்கென்று விட்டு, காம்பில் நூல் கட்டியிருந்தாள். அது பழுக்காவிட்டால் அந்த வகை அவளிடம் அதோடு சரி. கொடுத்தவள் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

"தண்ணி நானே வந்து ஊத்திக்கிறேன். நீங்க சும்மா பாத்துக்கிட்டு இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சும்மா பார்ப்பதுதான் அவருக்குக் கைவராத வித்தை. இரண்டாம் வாரத் திங்கட்கிழமை, அந்த வாளி ஒருபக்கம் சாய்ந்திருப்பது கண்ணில் பட்டது. மூன்று செங்கல் துண்டுகள் மேல் அது உட்கார்ந்திருந்தது. சாய்ந்த எதையும் விட்டுவைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. துண்டுகளை எடுத்தெறிந்து, மோட்டாருக்கு அடியில் போடுகிற கனத்த ரப்பர் தகடு ஒன்றை விரித்து, அதன்மேல் வாளியை வைத்து ரசமட்டம் பார்த்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது. திருப்தியாக ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றினார்.

மறுநாள் இலைகள் தொங்கின. தாகமாக்கும் என்று இன்னொரு சொம்பு. அதற்கடுத்த நாள் இரண்டு. மனைவி வந்து பார்த்துவிட்டு, இது ஏன் இப்படி வாடுகிறது என்று கேட்டதற்கு, வெயில் ஜாஸ்தி என்றார். ஐந்தாம் நாள் காலை பதினொரு இலைகள் மஞ்சளாக இருந்தன. மத்தியானத்துக்குள் பத்தொன்பது. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு ஹாலுக்கும் பால்கனிக்குமாக அலைந்தார். கடைசியில், நின்றுபோன லிஃப்டுக்கு முன்னால் கேட்கிற கேள்வியைக் கேட்டுக்கொண்டார்: கடைசியாக மாற்றியது எது?

மற்றத் தொட்டிகளைச் சுற்றித் தரையில் ஈர வட்டம் இருந்தது. வாளியைச் சுற்றி ஒரு சொட்டு இல்லை. தகட்டை உருவினார். அடியிலிருந்த ஓட்டை திறந்துகொண்டு, கறுத்த தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி, சாக்கடை நாற்றத்தோடு மாவுக்கட்டின் நுனியை நனைத்தது.

அவள் வர அரைமணி இருந்தது. வெயில் மீதே பழியைப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் பார்வை கட்டின் மேல் விழுந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் திட்டவில்லை. மண்ணுக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்தாள்.

"காயை இப்பவே பறிச்சா விதை முளைக்காது. விட்டா செடியோட சேந்து அழுகும்."

"வெயில்னுதான் நெனச்சேன்..."

"இப்ப நீங்க எதையும் நெனைக்க வேணாம்."

நான்கு நாள் விட்டுப் பார்த்தாள். தண்டின் அடியில் கறுப்பு பிடித்து மேலேறியது. காயின் தோளில் பழுக்கிற நிறம் லேசாகப் படர்ந்ததும் பறித்து, செடியைப் பிடுங்கிப் போட்டாள். ஜன்னலோரம் வைத்த காய் ஆறாம் நாள் சிவந்தது. இருபத்து மூன்று விதைகள். தண்ணீரில் மிதந்த ஐந்தைத் தள்ளிவிட்டுப் பதினெட்டை ஒரு தட்டு மண்ணில் ஊன்றினாள். ஊன்றிய கையோடு, இவர்கள் இருந்த மூன்றாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு, அவருடைய அக்கா வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்விட்டாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

"லிஃப்ட் மெக்கானிக் வீட்ல லிஃப்ட் இல்லையேன்னு இத்தனை நாள் வருத்தம். இப்ப இல்லை" என்றாள்.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு நாளைக்கு நான்கு போன். முளைத்ததா, மண் காய்ந்ததா, ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறதா, சூடு போதுமா. முளைத்தால் ஊரைக் கூட்டிச் சொல்கிறேன், போனை வை என்று அக்கா சலித்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் காலை அக்கா போனை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்துப் பார்த்தார். பத்தேகாலுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு, படியில் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றிப் பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறினார். முப்பத்தாறு படிகளுக்கு நாற்பது நிமிஷம் பிடித்தது.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு கதவைத் திறந்த அக்கா, தம்பி வாசலில் தரையோடு தரையாகக் கிடப்பதைப் பார்த்தாள். "நீயெல்லாம் ஒரு மனுஷனாடா?" என்றபடி உள்ளே போய்த் தட்டை இறக்கிக்கொண்டு வந்தாள். மண்ணைப் பிளந்துகொண்டு இரண்டு வெளுத்த கழுத்துகள் கொக்கி போல வளைந்து நின்றன.

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். மனைவிக்குப் போன் செய்கிறேன் என்ற அக்காவிடம், வேண்டாம், அவளே வந்து பார்க்கட்டும் என்றார். சாப்பிடக்கூட நகரவில்லை. நல்ல கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

கீழே வீடு பூட்டிக் கிடக்கவே, மனைவி மூச்சிரைக்க மேலே ஓடி வந்தாள். தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"தொட்டீங்களா?"

"இல்ல."

அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"தொடல. ஆனா அது மேல மூச்சு விட்டுக்கிட்டே இருந்தான்" என்றாள் அக்கா.

மனைவி குனிந்து எண்ணினாள். "மூணு."

"மூணாவது பன்னண்டே முக்காலுக்கு வந்துச்சு" என்றார் அவர்.

அவள் முகம் கொஞ்சம் இளகியது. "நாலாவதை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி, தட்டை அவரிடமிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டாள்.