ஒற்றைக் கிட்னியோடு உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு

ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் தம்பி முருகனுக்கு ஒரு கிட்னியைக் கொடுத்தேன். மிச்சமிருந்த ஒன்றிலிருந்து சிறுநீர் இறங்கும் குழாய் போன மாதம் சுருங்கிப்போனது. அதைச் சரிசெய்யத்தான் இந்தப் பயணம். ஊர் சுற்றிப் பார்க்க எனக்கெங்கே நேரம்?

தப்பு என்னுடையதுதான். நாகமலை புதுக்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். நடுவழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்று காலையில் தண்ணீரே குடிக்க மாட்டேன். கல் உண்டாகி, குழாயில் மாட்டி, அந்த இடம் தழும்பாகிவிட்டது. சிறுநீர் குறைந்தபோதும், குடிக்காததால்தான் என்று சும்மா இருந்துவிட்டேன். என்ன புத்தி பாருங்கள்!

செவ்வாய் காலை 6.10க்கு பஸ். மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் வரை நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு நாற்பது ரூபாய். தம்பி என் கையை விடவே இல்லை. செக்கானூரணி தாண்டியதும் எனக்கு ஒரே நினைப்புதான். இந்தக் கிட்னியும் போனால் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான் கிட்னி கொடுக்கும் முன் இரண்டு வருடம் அவன் அதில் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆஸ்பத்திரி மாட்டுத்தாவணிப் பக்கம். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய்.

"அண்ணே, குழியில விடாம மெதுவாப் போங்கண்ணே."

"பயப்படாதீங்கக்கா, மாட்டு வண்டி கணக்காப் போறேன்."

"அம்புட்டு மெதுவா வேணாம். ஒம்பது மணிக்கு டாக்டர் வரச் சொல்லிருக்காரு."

மறுநாள் வயிற்றில் மூன்று சிறு துளை போட்டு, கேமராவில் பார்த்தபடி சுருங்கிய துண்டை வெட்டி, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். மூன்றரை மணி நேரம். கண் விழித்ததும், சிறுநீர் சேரக் கட்டிலில் மாட்டிய பையைத்தான் தேடினேன். காலி! "இப்பத்தான்க்கா கொட்டிட்டு வந்தேன்" என்றார் நர்ஸ். அழுதேவிட்டேன்.

இதற்காகப் போகிறவர்கள் பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நான் நான்கு நாள் தங்கவேண்டி இருந்தது. தைத்த இடம் அடைபடாமலிருக்க உள்ளே வைத்த மெல்லிய குழாயை ஆறு வாரத்தில் எடுக்க வேண்டும், மறந்துவிடக் கூடாது. அந்த இடம் மறுபடி சுருங்கவும் கூடுமாம். ஆகவே பயம் இன்னும் போகவில்லை.

கிளம்பும்போதுதான் டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் தம்பி அவரைத் தனியாகப் பார்த்து, "ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அக்கா எனக்குக் குடுத்தத எடுத்து அதுக்கே வச்சிர முடியுமா சார்?" என்று கேட்டானாம்.

"ஏன்டா கூறுகெட்டவனே, அப்ப நீ?" என்றேன்.

"எனக்குத்தான் டயாலிசிஸ் பழக்கமாச்சேக்கா" என்றான்.