இடது காலுக்கு ஒன்பதாம் நம்பர்

மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டுமென்று ஆறு நாள் குத்தவைத்தபடியே பூண்டுக்கு வேர் அறுத்தேன். ஏழாம் நாள் காலையில் இடது பாதம் மேலே எழும்பவில்லை. வலி இல்லை. வைத்தால் தொப்பென்று விழும். செருப்பு கழன்று பின்னால் கிடக்க, அது தெரியாமல் நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேன்.

மதுரை டாக்டர் முழங்காலின் வெளிப்பக்கம் தட்டிப் பார்த்தார். "ரொம்ப நேரம் மடக்கி உக்காந்ததுல நரம்பு நசுங்கிருக்கும்மா. திரும்பிரும். ஆனா மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் ஸ்பிளின்ட் போட்டு நடங்க."

காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு அளவெடுத்தார்கள். அடுத்த மாதம் போனபோது ஸ்பிளின்ட் தயாராக இருந்தது. கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கி உள்ளங்காலுக்கு அடியில் வளையும் வெள்ளை பிளாஸ்டிக். அதை மாட்டியதும் என் ஆறாம் நம்பர் ஷூவுக்குள் கால் நுழையவில்லை. மாட்டிவிட்ட பெண், "பெரிய ஷூ வேணுமே" என்றார். என் வீட்டுக்காரர் குனிந்து தன் இடது ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். ஒன்பதாம் நம்பர்.

"இன்னைக்கு ஒரு மணி நேரந்தான் போடணும்," என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் கழற்றியே வைத்திருந்தேன். கொடைக்கானலில் இறங்கி மாட்டினேன். எங்கள் ஊர் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஒற்றை ஷூவோடு அவர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, நானும் கூட வந்திருந்த நாத்தனாரும் ஏரிப் பக்கம் கிளம்பினோம்.

இறக்கத்தில் ஸ்பிளின்ட் முழங்காலை முன்னால் தள்ளியது. நிற்க முடியாமல் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி ஓட்டமாக இறங்கினேன். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கீழே சமதரை வந்ததும் குதிகால் முதலில் பதிந்தது, விரல் எதிலும் இடறவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாகத் தரையையே பார்த்து நடந்தவள் நிமிர்ந்து படகுகளைப் பார்த்தேன், குதிரைகளைப் பார்த்தேன், முன்னால் போன ஒரு தேனிலவு ஜோடியை முந்தினேன்.

"மதினி, மெதுவாப் போங்க. எனக்கு மூச்சு வாங்குது."

"நீ வெரசா வா புள்ள."

கொஞ்ச தூரத்திலேயே திரும்பியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. ஏரியை முழுசாகச் சுற்றிவிட்டோம்.

மேலே ஏறி வந்தபோது அவர் அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பஸ் போயிருச்சு," என்றார். "எங்க கெடந்தீங்க ரெண்டு பேரும்?"

"நடந்துக்கிட்டு இருந்தோம்," என்றேன். அதற்குமேல் சொல்லவிடாமல் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. அவர் என் கால்களைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். அவருக்கும் தாங்கவில்லை.

வீட்டில் கழற்றியபோது கணுக்கால் எலும்பருகே தோல் நன்றாகச் சிவந்திருந்தது. அது ஆறும்வரை இரண்டு நாள் போடவில்லை. பிறகு ஒழுங்காக ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், முக்காலியில் உட்கார்ந்து பூண்டு தரம் பிரிக்கும்போது இடது கால் பெருவிரல் லேசாக மேலே எழும்பியது. கத்திவிட்டேன். வீடே ஓடிவந்து என் காலைச் சுற்றி நின்றது. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். மாமியார் எல்லோருக்கும் டீயைக் கொடுத்துவிட்டு என்னிடம், "இன்னொருக்கா ஆட்டிக் காட்டுத்தா," என்றார்.