டிவி வந்த டீக்கடை

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது தியாகதுருகம் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் வரவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை நம்பி நடந்த எங்கள் டீக்கடையில் பால் தினமும் மிஞ்சியது. பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் என் வீட்டுக்காரருக்குப் பயம் போகவில்லை.

"இனிமே ஊர் ஜனத்த வெச்சித்தான் பொழைக்கணும்," என்றார்.

எதிரே, போர்வெல் லாரி விட்டுப் பணம் பார்த்த ஒருவர் புது ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். அதில் ஃபிரிட்ஜ் வருகிறது என்று பேச்சு. முந்திக்கொள்ள வேண்டுமென்று, கடைக்குப் பால் கொடுத்த பசுவை விற்று இவர் கறுப்பு வெள்ளை டிவி வாங்கினார். மூங்கிலில் ஆன்டெனா கட்டினார். நான் தடுக்கவில்லை. எனக்கு எப்போதும் வாய் எழும்பாது.

ஊரில் டிவி இருந்த இன்னொரு வீடு பெரிய வீடு. அங்கே வாசல் தாண்ட விடமாட்டார்கள். அதனால் சாயங்காலமானால் பெண்கள் பாயும் பிள்ளையுமாக எங்கள் கடைக்கு வந்துவிட்டார்கள். அதுவரை டீக்கடை வாசலை மிதிக்காதவர்கள். அவர்களிடம் டீ வேணுமா என்று கேட்க எங்கள் இருவருக்குமே கூச்சம். வீட்டுக்கு வந்தவர்களிடம் காசு கேட்பது போல இருந்தது. தண்ணீர் கேட்டார்கள். குடம் குடமாகக் கொடுத்தேன்.

ஆண்கள் கொஞ்ச நாள் ஓரமாக நின்றார்கள்.

"இன்னா மச்சான், எங்க மாமியா முன்னால குந்திக்கினு கீறாங்க. நான் எப்பிடி பீடி பத்த வெக்கறது?" என்றார் தினமும் வருகிற ஒருவர்.

"டீக்கடையா இது, மாதர் சங்கமா?" என்று கூட இருந்தவர் சிரித்தார்.

ஓட்டல் திறந்ததும் ஆண்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே கலர் டிவி. பெண்கள் உள்ளே நுழையமாட்டார்கள்.

"டிவிய நிறுத்திடலாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வந்து குந்தனவங்கள எப்பிடி எழுப்பறது?" என்றார்.

எழுப்பவில்லை. கடையைத்தான் மூடினோம்.

டிவி வீட்டுக்கு வந்தது. பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். கரும்புப் பணம் கைக்கு வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் டிவி வாங்கினார்கள். பிறகு ஒருத்தியும் வரவில்லை. தெருவில் பார்த்தாலும் நாடகம் ஆரம்பித்துவிடும் என்று ஓடுவார்கள்.

அவர் எதிர் ஓட்டலில் டீ போடச் சேர்ந்தார். முதல் நாள் வேலை முடிந்து வந்து, சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "மச்சான்னு கூப்புட்டவனுங்க எல்லாம் இன்னிக்கி மாஸ்டர்னு கூப்புடறானுங்க."

பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் நிறுத்த எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.