போதிய விவரம் இல்லை

புதுக்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்துவந்தேன். சனி ஞாயிறுகளில் சொந்தமாக ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் செய்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் தமிழில் எழுதுவதற்கென்றே ஒரு சின்ன மென்பொருள். திறந்தால் வெள்ளைத் தாள் மாதிரி ஒரு பக்கம், ஓரத்தில் நாலு பொத்தான், அவ்வளவுதான். இணையத்தில் இலவசமாகப் போட்டு, அடியில் “குறை இருந்தால் சொல்லுங்கள்” என்று ஒரு பெட்டியும் வைத்தேன். அந்தப் பெட்டியை வைத்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை. பெரிய கம்பெனிக்காரன் காதில் வாங்கமாட்டான், நான் வாங்குவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் வாங்கவும் செய்தேன். ‘ஸ்ரீ’ அடித்தால் கட்டம் கட்டமாக வருகிறது என்று அன்னவாசல் பக்கம் ஒரு ஆசிரியர் எழுதினார். அன்றைக்கே சரிசெய்தேன். பிறகு சென்னை, பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டர் படித்த பையன்கள் எழுத ஆரம்பித்தார்கள். எந்தப் பதிப்பு, எதை அழுத்தினால் என்ன ஆகிறது என்று படத்தோடு அனுப்புவார்கள். கறுப்புப் பின்னணி வேண்டும் என்று கேட்டார்கள். செய்து கொடுத்தால் நாலு பேரிடம் சொல்லிப் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டுக்கு நான் பழகிப்போனேன்.

அந்தச் சமயத்தில்தான் கறம்பக்குடியிலிருந்து ஒரு அம்மா எழுதினார். “சார் எழுதுனது போயிருச்சு. என்ன செய்ய” என்று ஒரே வரி. எந்தப் பதிப்பு, எந்த விண்டோஸ், என்னென்ன செய்தீர்கள் என்று எல்லாருக்கும் அனுப்பும் கேள்விகளை அவருக்கும் அனுப்பினேன்.

“அதெல்லாம் எனக்குத் தெரியல சார். கரண்ட் போச்சு. வந்தப்புறம் தொறந்தா ஒண்ணுமே இல்ல.”

சேவ் செய்யாமல் எழுதிக்கொண்டிருந்திருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அடிக்கடி சேவ் செய்யுங்கள், முடிந்தால் யூ.பி.எஸ். வாங்கிப் போடுங்கள் என்று பதில் எழுதினேன்.

பத்து நாள் கழித்து மறுபடி எழுதினார். “நீங்க சொன்ன மாதிரி சேவ் பண்ணிக்கிட்டேதான் இருந்தேன். மறுபடியும் போயிருச்சு. இந்தத் தடவ, புதுசா ஆரம்பிச்ச ரெண்டு பக்கம். பழசை ஒரு காப்பி தனியா வச்சிருக்கிற மாதிரி செஞ்சு குடுக்க முடியுமா சார்?”

அப்போது கறுப்புப் பின்னணியில் எழுத்தின் நிறத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ‘போதிய விவரம் இல்லை’ என்று குறித்து அந்தப் புகாரை மூடிவிட்டேன். அந்த அம்மாவுக்குப் பதில்கூடப் போடவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். மூன்றாவதாக ஒன்று வந்தது. “முழுசும் போயிருச்சு சார். நாப்பது பக்கத்துக்கு மேல. திரும்ப எழுத முடியாது. சொன்னவருக்கு இப்பப் பேச்சு இல்ல.” கீழே ஒரு போன் நம்பர் இருந்தது.

அதை நாலைந்து தடவை படித்தேன். பிறகு என் மென்பொருள் எப்படிச் சேவ் செய்கிறது என்று, நான் எழுதியதையே எடுத்துப் பார்த்தேன். பழைய ஃபைலை முதலில் காலி செய்துவிட்டு, அதன்மேல் புதிதாக எழுதும்படி வைத்திருந்தேன். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. எத்தனை தடவை சேவ் செய்கிறோமோ அத்தனை தடவை அந்த ஆபத்து. அடிக்கடி சேவ் செய்யச் சொன்னவன் நான்.

போன் செய்து, மறுநாள் காலை பஸ் பிடித்துக் கறம்பக்குடி போனேன். அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். வாசலுக்கே வந்து, “இங்கிட்டு வாங்க சார்” என்று உள்ளே கூட்டிப்போனார். கூடத்தில் அவருடைய கணவர் கழுத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்ததிலிருந்து, சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்காகத் தன் கதையை அவர் சொல்லச் சொல்ல அம்மா டைப் செய்திருக்கிறார். தினம் சாயங்காலம் ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம்.

“போன்ல பதிஞ்சு வச்சிருக்கலாமேம்மா” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“மாட்டேன்னுட்டாரு சார். குரல் அப்பவே கரகரன்னு ஆயிருச்சு. எம் மக கடைசியா இந்தக் குரலையா கேக்கணும்னாரு.”

கணவர் மடியிலிருந்த நோட்டில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார். ‘கிடைக்குமா?’ என்றிருந்தது.

“பாக்குறேங்க” என்றேன்.

மகள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் அது. அழிந்ததைத் தேடி எடுக்கும் மென்பொருள்கள் மூன்றைக் கொண்டுபோயிருந்தேன். மத்தியானம் வரை தேடியதில், தொடர்ச்சியில்லாமல் ஆறு பக்கம் கிடைத்தது. ஒரு பக்கத்தில், ஆலங்குடியில் மழைக்கு ஒதுங்கி நின்ற பெண்ணை வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டதைச் சொல்லியிருந்தார். அதைப் படித்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தப் பெண் அவர்தான் என்று பிறகு புரிந்தது. மிச்சம் எதுவும் வரவில்லை.

“நான் மொதல்லயே சரிபண்ணியிருக்கணும்மா. நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. நான்தான் கவனிக்கல” என்றேன்.

“ஆமா சார். பண்ணியிருக்கலாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுப் போகச் சொன்னார். என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே சரிசெய்தேன். புதியதைத் தனி ஃபைலாக எழுதி முடித்த பிறகே பழையதை மாற்றவேண்டும், பழையதில் ஒரு காப்பி எப்போதும் இருக்கவேண்டும். அந்த அம்மா கேட்டது அதுதான். இரண்டு மணி நேர வேலை. கறுப்புப் பின்னணிக்கு ஐந்து வாரம் செலவழித்திருந்தேன்.

ஆறு மாதம் கழித்து நானே அவருக்குப் போன் செய்தேன். நினைவில் இருந்ததை வைத்து இருபது பக்கம் திரும்ப டைப் செய்திருப்பதாகச் சொன்னார். நோட்டில் எழுதச் சொன்னால் கணவர் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லையாம். அவருக்குச் சொல்லத்தான் வரும், எழுத வராது.

“படிக்கக் குடுத்தேன் சார். நடந்ததெல்லாம் சரிதான், ஆனா நான் பேசுற மாதிரி இல்ல, நீ பேசுற மாதிரி இருக்குன்னு எழுதிக் காட்டுனாரு.”

“மகளுக்கு அனுப்பிட்டீங்களாம்மா?”

“அனுப்பிட்டேன். வேற என்ன செய்ய.”

அதன்பிறகு, ‘போதிய விவரம் இல்லை’ என்று நான் மூடிவைத்த அத்தனையையும் திறந்து, ஒவ்வொருவருக்கும் எழுதினேன். இப்போது என்னால் உதவ முடியுமா என்று கேட்டேன். பெரும்பாலானவர்கள் பதில் போடவில்லை. ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்: “என்ன கேட்டேன்னு எனக்கே மறந்துபோச்சுங்க. அந்தச் சாஃப்ட்வேரை அப்பவே கம்ப்யூட்டர்லேருந்து எடுத்துட்டேன்.”