படகுக்குப் போன டூல்ஸ் பெட்டி

வயர்மேன் வேலையில் கரண்டைவிட, எந்த டூல்ஸை எடுப்பது என்ற குழப்பம்தான் ஆளைக் கொல்லும். ஸ்குரூ டிரைவர் பிடித்தவர்களுக்கு இது தெரியும். எங்கள் ஊர்கள் திருவாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த நாளில் நாகர்கோவிலில் வீட்டு வயரிங் செய்துகொண்டிருந்த நான், குளச்சலில் ஒரு மோட்டார் படகின் விளக்கையும் ஹாரனையும் பார்க்கும் வேலைக்குப் போனேன். ஒரு மாதம் பார்த்துத்தான் நிரந்தரம் என்றார் முதலாளி. நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று புதுக்கடை ஊரில் பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

கடையில்

படகுக்கு என்ன டூல்ஸ் வேண்டும் என்று இரும்புக் கடைக்காரரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியாது. இருவரும் கூடிப் பேசி, சுத்தியல், உளி, அரம், ஆறு ஸ்பேனர், சுவரில் துளை போடும் ஜம்பர் என்று பெட்டியை நிரப்பினோம். படகில் சுவர் ஏது என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. படகில் ஏற்றும்போது பெட்டியைத் தூக்கிப் பார்த்த டிரைவர் சூசை அண்ணன் கேட்டார்: "தம்பி கரண்டு பாக்க வந்தியா, நங்கூரம் போட வந்தியா?"

எரியாத பல்பு

வீடுகளில் கரண்டு பார்க்க ஒரு பல்பும் இரண்டு துண்டு வயரும் போதும். அதையே படகு பாட்டரியில் வைத்தேன். எரியவில்லை. வயரைச் சுரண்டினேன், பல்பை மாற்றினேன், ஊஹூம். பாட்டரி செத்துவிட்டது என்று முதலாளிக்குச் சொல்லியனுப்பினேன்.

சூசை அண்ணன் ஹாரனை அமுக்கினார். கரையில் வலை உலர்த்தியவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டில் இருநூற்று முப்பது வோல்ட் வீட்டு பல்பு எப்படி எரியும் என்று அப்புறம்தான் உறைத்தது. "செத்ததுக்க சத்தம் கேட்டியா மக்கா?" என்றார் அவர்.

பெட்டிக்கு ஓர் இடம்

உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் டூல்ஸ் துருப்பிடித்தன. நனையாத இடமாகத் திசைகாட்டியை ஒட்டி ஒரு பலகை கிடைத்தது. பெட்டியை அங்கே வைத்துக் கட்டினேன். மறுநாள் கடலில் இருக்கும்போது மழை வேளிமலையை மறைத்துவிட்டது. மலை தெரிந்தால் சூசை அண்ணன் திசைகாட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அன்று அதை நம்பி ஓட்டினார். மழை விட்டதும் பார்த்தால், குளச்சலைக் காணோம். எதிரே முட்டம் கலங்கரை விளக்கம். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஸ்குரூ டிரைவர் எடுக்கக் கட்டை அவிழ்த்துப் பெட்டியைத் தூக்கினேன், திசைகாட்டியின் முள் திரும்பியது. வைத்தேன், பழையபடி போனது. பெட்டியிலிருந்த இரும்புதான் முள்ளை இழுத்திருக்கிறது. மெல்லப் பெட்டியைக் கீழே இறக்கினேன். யாரும் கவனிக்கவில்லை.

கரையில் முதலாளி சூசை அண்ணனைப் பிடித்து ஏசினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். அவர் தலை குனிந்து நின்றதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வேலையும் போயிற்று, புதுக்கடையும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலாளி என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்கு வேல உண்டு, பெட்டிக்கு இல்ல."

படகுக்கு எந்த டூல்ஸ் வேண்டும் என்று இன்று யாராவது கேட்டால், மடியில் அடங்குவதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்று கேட்டால் புதுக்கடையிலிருந்து வந்த என் மனைவியைக் கைகாட்டிவிடுவேன்.